மேலவீதிக் குடும்பம்: ஆம்ஸ்டர்டாமில் மீனா

மீனா: (7 படங்கள்)
எல்லாருக்கும் வணக்கம். நல்லபடியாக ஆம்ஸ்டர்டாம் வந்து சேர்ந்துவிட்டோம். மத்தியானத்திலிருந்து கால்வாய் ஓரமாகவே நடக்கிறோம், அலுக்கவே இல்லை. அண்ணா, இந்த வீடுகளைப் பாருங்கள். தெருவை எட்டிப் பார்க்கிற மாதிரி குனிந்து நிற்கின்றன.

வள்ளி: அக்கா, குளிர் எப்படி? ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா?

மீனா: போட்டிருக்கிறேன் வள்ளி. குளிரைவிடக் காற்றுதான் அதிகம்.

செல்வி: பெரியம்மா, மூன்றாவது படத்தில் கூரை உச்சியிலிருந்து ஒரு கட்டை நீட்டிக்கொண்டிருக்கிறதே, நுனியில் கொக்கியோடு. அது எதற்கு?

மீனா: அதைச் சொல்லத்தான் படம் எடுத்தேன். இங்கே பழைய வீடுகள் பெரும்பாலும் ஒடுக்கமானவை. உள்ளே மாடிப்படி ஏணி போலச் செங்குத்தாக ஏறுகிறது. கட்டிலோ பீரோவோ அதில் ஏறாது. அதனால் கொக்கியில் கப்பியை மாட்டி, சாமானைக் கயிற்றில் கட்டி, தெருவிலிருந்து தூக்கி ஜன்னல் வழியாக உள்ளே இழுத்துக்கொள்வார்கள். ஜன்னல்கள் அவ்வளவு பெரிது. தூக்கும்போது சாமான் சுவரில் இடிக்கக் கூடாதென்று முகப்பையே முன்பக்கம் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். அந்தக் காலத்து வியாபாரிகள் மேல்மாடியைக் கிடங்காக வைத்துக்கொண்டு, மூட்டைகளையும் இப்படித்தான் ஏற்றினார்கள்.

தாத்தா: மீனா, அந்த ஊர் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிதான் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியது. நம் பக்கத்துப் பருத்தித் துணி அங்கிருந்து கப்பலேறிப் போனது. பழவேற்காட்டு டச்சுக் கல்லறையை நான் பார்த்திருக்கிறேன், வாசலில் எலும்புக்கூடு செதுக்கியிருக்கும்.

மீனா: ஆமாம் அப்பா, அதை நினைத்துக்கொண்டுதான் அந்தக் கொக்கிகளைப் பார்த்தேன்.

கார்த்தி: அத்தை, முன்பக்கச் சாய்வு புரிகிறது. ஐந்தாவது படத்தில் ஒரு வீடு பக்கத்து வீட்டின் தோளில் சாய்ந்திருக்கிறதே?

ராஜன்: அது யாரும் சாய்த்துக் கட்டியது இல்லை, கார்த்தி. அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கும். அந்த ஊர் சதுப்பு நிலத்தில் நிற்கிறது. மேலே களிமண்ணும் மட்கிய மண்ணும்தான். சுமார் 12 மீட்டர் ஆழத்தில்தான் உறுதியான மணல். அந்த மணலைத் தொடும் வரை மரக் கம்பங்களை அடித்து இறக்கி, அவற்றின் மேல் சுவரை எழுப்பினார்கள்.

மீனா: அண்ணா, டாம் சதுக்கத்து அரண்மனைக்கு அடியில் மட்டும் 13,659 கம்பங்கள். 17ஆம் நூற்றாண்டில் நகர மன்றமாகக் கட்டிய கட்டடம் அது. இந்த எண்ணை மனப்பாடம் செய்ய இங்கே பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுக்கிறார்கள். வருடத்தின் நாட்கள் 365, அதற்கு முன்னால் 1, பின்னால் 9.

செல்வி: 1-365-9! சூப்பர் பெரியம்மா, இனி மறக்காது.

வள்ளி: இத்தனை வருஷம் தண்ணீருக்குள் கிடந்தால் மரம் அழுகாதா?

தாத்தா: நம் கொல்லைக் கிணற்றில் நெல்லிக்கட்டை கிடக்கிறதே, அழுகிவிட்டதா? தூர் வாரும்போது எடுத்துப் பார்த்தோம், கல்லாக இருந்தது.

ராஜன்: அதேதான் அப்பா. தண்ணீருக்குள் முழுசாக மூழ்கியிருந்தால் காற்று படாது, மரத்தைத் தின்னும் பூஞ்சை வளர வழியில்லை. நிலத்தடி நீர் இறங்கி, கம்பத்தின் தலை வெளியே வந்தால்தான் ஆபத்து. நம் ஊரில் வீட்டுக்கு அடியில் ஈரம் வந்தால் பயப்படுகிறோம். அங்கே ஈரம் காய்ந்தால் பயம்.

கார்த்தி: அப்படியென்றால் மழை குறைந்த கோடை அவர்களுக்குப் பெரிய கவலை.

ராஜன்: ஆமாம். பழுதான இடங்களில் மரத்தை எடுத்துவிட்டுக் கான்கிரீட்டில் அஸ்திவாரம் போடுகிறார்கள். வீட்டை இடிக்காமல் அடியில் புகுந்து செய்கிற வேலை, செலவு சாதாரணமில்லை. பொதுப்பணித் துறையில் இத்தனை வருஷம் இருந்த எனக்கே அதை நேரில் பார்க்க ஆசை.

மீனா: (2 படங்கள்)
இன்னொரு அழகு. பல வீட்டுச் சுவரில் சின்னதாகச் செதுக்கி வண்ணம் தீட்டிய கல் பதித்திருக்கிறது. மீன், கப்பல், எருது என்று ஒவ்வொரு வீட்டுக்கு ஒன்று. கதவு எண் வருவதற்கு முன்னால் அதுதான் விலாசம்.

வள்ளி: எண்ணைவிட இது நன்றாக இருக்கிறது அக்கா. படிக்கத் தெரியாதவர்களும் வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

செல்வி: சைக்கிள் படம் ஒன்றுகூட இல்லையே?

மீனா: சைக்கிள் இல்லாத படம் எடுப்பதுதான் கஷ்டம் கண்ணு! மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே தண்ணீருக்கு அடியில் சைக்கிள் நிறுத்துமிடம் கட்டியிருக்கிறார்கள். 2023இல் திறந்தது, 7,000 வண்டி நிற்குமாம். நாளைக்கு இறங்கிப் பார்த்துப் படம் அனுப்புகிறேன்.

ராஜன்: மீனா, நீ இறங்கிய விமான நிலையம் ஒரு காலத்தில் ஏரி, தெரியுமா? மூன்று இடத்தில் நீராவி இயந்திரம் வைத்து இறைத்து, 1852இல் வற்றவைத்தார்கள். ஓடுபாதை இன்றும் கடல் மட்டத்துக்குச் சுமார் 3 மீட்டர் கீழே.

வள்ளி: அண்ணா, அக்கா திரும்பி ஏறும்போது சொல்லக் கூடாதா? எனக்கு இப்போதே படபடக்கிறது.

ராஜன்: பயப்படாதே. தண்ணீரைக் காவல் காப்பதில் அவர்களுக்குப் பல நூற்றாண்டுப் பழக்கம். பட்ட அடியும் பெரிது. 1953இல் நெதர்லாந்தின் தென்மேற்கில் கடல் கரையை உடைத்து உள்ளே வந்தபோது 1,836 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் தென்மேற்குக் கரை முழுக்கப் பெரிய அணைகளும் கதவுகளும் கட்டினார்கள். மீனா, இப்போதைய நகர மன்றக் கட்டடத்தில் கண்ணாடிக் குழாய்களில் தண்ணீர் வைத்திருப்பார்கள். அதில் ஒன்று அந்த வெள்ளத்தின் உயரம், 4.55 மீட்டர். பக்கத்திலேயே பூஜ்ய மட்டத்தைக் குறிக்கும் வெண்கலக் குமிழும் உண்டு. ஐரோப்பாவில் பல நாடுகள் உயரத்தை இந்த ஊர் மட்டத்தை வைத்துத்தான் கணக்கிடுகின்றன. கட்டாயம் பார்த்துவிடு.

மீனா: சரி அண்ணா. காலையில் முதலில் அங்கேதான், சைக்கிள் அப்புறம்.

ராஜன்: அந்த உயரக் குழாய்க்குப் பக்கத்தில் மாப்பிள்ளையை நிறுத்திப் படம் எடு. தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று பிள்ளைகளுக்குப் புரியட்டும்.