மென்பொருள் பட்டியலையும் நெட்வேர்க் மொனிட்டரையும் ஒரே திரையில் பார்க்க வழி இருக்கா?

உவர்மலைவாசி:
திருகோணமலையில் ஒரு ஹோட்டலின் ஐடி வேலை முழுக்க என் தலையில். உப்புவெளியில் 26 கணினி, நிலாவெளிக் கிளையில் 7, எல்லாம் உபுண்டு. ஸ்விச், பிரின்டர், கணினி எல்லாம் லிப்ரேஎன்எம்எஸ் என்ற நெட்வேர்க் மொனிட்டரில், எஸ்என்எம்பி (கருவிகளிடம் நெட்வேர்க் வழியாக நிலவரம் கேட்கும் முறை) வழியாக வடிவாகத் தெரிகிறது. ஆனால் எதில் என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு என்பது தனியாக ஒரு எக்செல் ஷீட்டில் கிடக்கிறது, அதைக் கடைசியாகத் திருத்தியது தைப்பொங்கலுக்கு முதல். போன கிழமை பில் போடும் கணினி பழைய பதிப்பிலேயே ஓடுகிறது என்று கணக்காளர் வந்து சொல்லித்தான் எனக்கே தெரியும், வெட்கமாகப் போய்விட்டது. எஸ்என்எம்பியிலேயே பட்டியலை எடுக்கலாம் என்று வாசித்து அதற்கான முகவரி எண் 1.3.6.1.2.1.25.6.3 ஐ வோக் பண்ணினேன் (அதன் கீழ் உள்ளதையெல்லாம் வரிசையாகக் கேட்பது), ஒன்றும் வரவில்லை. கணினியின் பெயரும் அப்டைமும் (ஓடிக்கொண்டிருக்கும் நேரம்) மட்டும் வருகிறது. எங்கே பிழை விடுகிறேன்?

சல்லிக்காரன்:
தம்பி, நீங்கள் கேட்ட இடம் சரிதான். ஹோஸ்ட் ரிசோர்சஸ் மிப் (கணினியிடம் எஸ்என்எம்பியில் என்னென்ன கேட்கலாம் என்ற பட்டியல்) என்று 1993 இலேயே வந்து, 2000 இல் ஆர்எஃப்சி 2790 என்ற இணையத் தர ஆவணமாகத் திருத்தியது, இன்ஸ்டோல் ஆன மென்பொருள் அட்டவணை அதற்குள் இருக்கிறது. உபுண்டுவில் எஸ்என்எம்பிடி (எஸ்என்எம்பி கேள்விகளுக்குப் பதில் சொல்லும் புரோகிராம்) போட்டதும் கிடைக்கும் கொன்ஃபிக்கில் 'சிஸ்டம்ஒன்லி' என்ற வியூதான் (வெளியே காட்டும் பகுதி) திறந்திருக்கும், அதில் .1.3.6.1.2.1.1, .1.3.6.1.2.1.25.1 என்று இரண்டே வரி. கீழே .1.3.6.1.2.1.25.6 க்கு அதே மாதிரி இன்னொரு வரி போட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கள், கொட்டும். ஒன்று, அந்த அட்டவணை வாசிக்க மட்டும்தான், அதன் வழியாக அப்டேட் தள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், அதற்கு அன்சிபிள் மாதிரி, பல கணினிகளில் ஒரேயடியாக வேலை செய்யும் கருவி ஏதாவது வேண்டும். அப்புறம் கொம்யூனிட்டி (எஸ்என்எம்பியின் கடவுச்சொல் மாதிரி) இன்னும் 'பப்ளிக்' என்றே இருந்தால் இன்றைக்கே எஸ்என்எம்பி வேர்ஷன் 3 க்கு மாறுங்கள். பதிப்பு எண்ணோடு முழுப் பட்டியலும் கெஸ்ட் வைஃபையில் இருப்பவன் கையில் போனால் அவனுக்கு வேலை மிச்சம்.

மடத்தடியான்:
சல்லி அண்ணா சொன்னது சரி, ஆனால் எனக்கு அந்த அட்டவணையில் பெரிய நம்பிக்கை இல்லை. ஒரு டெஸ்க்டொப்பிலேயே ஆயிரத்துக்கு மேல் பெக்கேஜ் (மென்பொருள் பொதி), பெயரும் பதிப்பும் ஒரே சரத்தில் ஒட்டிக்கொண்டு வரும், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 26 கணினியிலும் அதை வோக் பண்ணினால் மொனிட்டர் மூச்சு வாங்கும். நாளுக்கு ஒருக்கால், இரவில் எடுத்தால் போதும். உங்களுக்கு உண்மையில் வேண்டியது ஒரே ஒரு எண் என்று நினைக்கிறேன்: அப்டேட் ஆகாமல் எத்தனை பாக்கி. எஸ்என்எம்பிடி கொன்ஃபிக்கில் 'எக்ஸ்டென்ட்' வரியில் ஒரு ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தால் அதன் விடை 1.3.6.1.4.1.8072.1.3.2 க்குக் கீழே வந்து நிற்கும், அந்த எண்ணுக்கு அலார்ம் வையுங்கள். நான் முதலில் 'ஆப்ட்' (உபுண்டுவில் மென்பொருள் போடும், அப்டேட் பண்ணும்) கட்டளையையே நேராக அதில் கொடுத்துவிட்டு, டைம்அவுட் ஏன் வருகிறது என்று இரண்டு நாள் கேபிளைக் கழற்றிக் கழற்றி மாட்டினேன். மொனிட்டர் கேட்கும்போதுதான் ஸ்கிரிப்ட் ஓடும், ஆப்ட் மெதுவாக யோசிக்கும், மொனிட்டர் அதற்குள் போய்விடும். கிரோன் (குறித்த நேரத்தில் தானாக வேலை ஓட்டுவது) விடையை ஒரு ஃபைலில் எழுதட்டும், எக்ஸ்டென்ட் அதை வாசித்தால் போதும். ஃபைலை எஸ்என்எம்பிடியின் யூசர் வாசிக்கிற மாதிரி வையுங்கள், ரூட் என்ற நிர்வாகி யூசரின் ஃபோல்டருக்குள் வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள்.

உவர்மலைவாசி:
மூன்றாவது வரி போட்டதும் வந்துவிட்டது அண்ணா, ரிசெப்ஷன் கணினியில் மட்டும் 1,912 வரி! எக்ஸ்டென்டும் வேலை செய்கிறது, பில் கணினியில் 143 பாக்கி. நிலாவெளி 7 மட்டும் பதில் சொல்லவே இல்லை. அங்கே 4ஜி ரௌட்டர்.

சல்லிக்காரன்:
4ஜி என்றால் பெரும்பாலும் நெட்வேர்க்காரனின் என்ஏடிக்கு (பலருக்கு ஒரே பொது முகவரியைப் பகிரும் முறை) பின்னால் இருக்கும், வெளியே இருந்து எஸ்என்எம்பியின் வாசலான யூடிபி 161 இல் தட்டினாலும் உள்ளே கேட்காது. அங்கே ஒரு கணினியில் வயர்கார்ட் என்ற விபிஎன் போட்டு உப்புவெளிக்கு அதுவே கூப்பிடட்டும், கீப்அலைவ் (இணைப்பு மூடாமல் இருக்க அனுப்பும் சிறு செய்தி) 25 வினாடிக்கு ஒருமுறை. மற்ற ஆறுக்கும் வழி அதன் ஊடாகத்தான், ரௌட்டரில் அதற்கு ஒரு ரூட்டும் (பாதை) எழுதவேண்டி வரும். ஜெனரேட்டர் லைனில் இருக்கிற கணினியாகப் பார்த்துப் போடுங்கள்.