கூந்தன்குளத்து வாத்தும் குறைந்த விலை கேமராவும்: நீங்கள் பட்டதையும் சொல்லுங்கள்

குளத்தங்கரை:

பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போகாமல் இருக்க முடியுமா? மூலைக்கரைப்பட்டி வழியாக பைக்கில் ஒரு அழுத்து, அவ்வளவுதான். ஊருக்குள் வீட்டு வாசல் மரத்திலேயே மஞ்சள் மூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். அந்த மரத்துப் பறவைகளை எடுக்க ஃபோனே போதும். எனக்கு வம்பு வரித்தலை வாத்தோடுதான். இமயமலையைத் தாண்டிப் பறந்து வருகிற விருந்தாளி, ஊருக்குள் வராது, குளத்து நடுத்திட்டில் போய் நின்றுகொள்ளும். இரண்டு வருடமாக எடுத்த படங்களை மச்சினனிடம் காட்டினேன். "அத்தான், இதுல வாத்து எது, கல்லு எது?" என்று கேட்டான்.

அன்று ராத்திரி பழைய நோட்டில் கணக்குப் போட்டேன். ஃபோனின் சாதாரண லென்ஸ் 26 மி.மீ. (பழைய ஃபிலிம் கேமரா கணக்கில்; எண் கூடினால் தூரத்துப் பொருள் பெரிதாகத் தெரியும்) என்றால், 100 மீட்டர் தூரத்தில் அது பிடிக்கிற காட்சியின் அகலம் கிட்டத்தட்ட 138 மீட்டர். அதில் முக்கால் மீட்டர் நீளமுள்ள வாத்து எந்த மூலைக்கு? 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் வாத்துக்குக் கிடைப்பது இருபத்திச் சொச்சம் புள்ளி. அதே இடத்தில் நின்று 720 மி.மீ. லென்ஸில் பார்த்தால் காட்சியின் அகலம் வெறும் 5 மீட்டர். ஃபோன் மேல் எனக்கிருந்த கோபம் அன்றோடு போயிற்று.

ஆனால் புத்தி உடனே வரவில்லை. "48 மெகாபிக்சல், 16 மடங்கு ஜூம்" என்று அட்டையில் போட்டிருந்ததை நம்பி இணையத்தில் ஒரு கேமரா வாங்கினேன். பெயர் வேண்டாம். வந்தபிறகுதான் தெரிந்தது, லென்ஸ் இடத்தை விட்டு அசையவே அசையாது. 16 மடங்கும் டிஜிட்டல் ஜூம். நடுப்பகுதியை வெட்டி எடுத்து இழுத்துப் பெரிதாக்கிக் காட்டுகிற வேலை. அதை ஃபோனிலேயே விரலால் செய்துவிடலாமே! எட்டாயிரம் ரூபாய் போச்சு. இப்போது என் மகள் அதை வைத்துப் பூனையைப் படமெடுக்கிறாள்.

இரண்டாம் தடவை, ஏற்கெனவே ஒருவர் வைத்திருந்த சோனி ஹெச்எக்ஸ் 90வி வாங்கினேன். 2015இல் வந்த மாடல். சட்டைப் பையில் சற்றே பிதுங்கும், 24 முதல் 720 மி.மீ. வரை நிஜமான 30 மடங்கு ஜூம். நான் அதை எடுத்ததற்குக் காரணம் ஜூம் மட்டுமில்லை. ஓரத்திலிருந்து மேலே எழும்புகிற குட்டி வியூஃபைண்டர் ஒன்று அதில் உண்டு. குளத்தங்கரை வெயிலில் பின்பக்கத் திரையில் என் முகம்தான் தெரியும், வாத்து தெரியாது. கண்ணை ஒட்டி வைத்துப் பார்த்தால் பறவை எங்கே என்று தேட முடிகிறது. கேமரா நெற்றியில் முட்டுக் கொடுத்து நிற்பதால் கையாட்டமும் குறைகிறது. 720இல் வைத்துக்கொண்டு கையை நீட்டித் திரையைப் பார்த்து எடுத்துப் பாருங்கள், வாத்து படத்துக்குள் நிற்கவே நிற்காது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைக் கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார். காலை பதினொரு மணிக்கு எடுத்த படமெல்லாம் கலங்கிப்போயிருந்தது. இதுவும் சொத்தையோ என்று பயந்தேன். மறுவாரம் ஆறரை மணிக்கே போய் அதே திட்டை எடுத்தால் தலையிலுள்ள இரண்டு கறுப்புப் பட்டையும் எண்ணக் கிடைத்தன. வெயில் ஏற ஏறத் தண்ணீருக்கு மேலே காற்று நெளிகிறது. தார்ச்சாலையில் பார்க்கிற கானல்தான். லட்ச ரூபாய் லென்ஸும் அதைத் தாண்டிப் பார்க்காது.

சாயங்காலம் வேறு தொல்லை. இந்த மாதிரிச் சின்ன கேமராக்களின் சென்சார் சுமார் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம். சுண்டுவிரல் நகம்கூட அதைவிடப் பெரிது. ஜூமை முழுக்க நீட்டினால் லென்ஸ் உள்ளே விடுகிற வெளிச்சமும் குறைந்துவிடும். பொழுது சாய்ந்ததும் இறகெல்லாம் நீர்வண்ணத்தில் தீட்டினதுபோல ஆகிவிடுகிறது. ஐந்தரைக்கு மேல் நான் மூடி வைத்துவிடுவேன்.

நீங்கள் என்ன வாங்கினீர்கள், எங்கே ஏமாந்தீர்கள்? ஏமாந்ததைத்தான் முதலில் சொல்ல வேண்டும்!

உப்புக்காற்று:

ஏமாந்த கதை என்னிடமும் உண்டு. கடல் வற்றும் நேரத்தில் பாறை இடுக்குகளில் தேங்கும் தண்ணீரில் நண்டு, சிப்பி, கடல் அட்டை பார்ப்பது என் பொழுதுபோக்கு. முதலில் வைத்திருந்தது லென்ஸ் வெளியே நீளுகிற சாதாரண கேமரா. ஒரு நாள் பொடிமணல் உள்ளே புகுந்து, லென்ஸ் பாதி நீண்டு கரகரவென்று நின்றுவிட்டது. சரி செய்கிற கூலிக்கு வேறொன்றே வாங்கிவிடலாம் என்றார் கடைக்காரர்.

அடுத்தது 'வாட்டர்ப்ரூஃப்' வாங்கினேன். ஒன்றரை வருடம் ராஜாவாக இருந்தது. அப்புறம் பேட்டரி மூடியின் ரப்பர் விளிம்பில் ஒரு முடி ஒட்டியிருந்ததைக் கவனிக்காமல் மூடிவிட்டேன். ஒரே ஒரு முடி! உப்புத்தண்ணீர் உள்ளே போய் அன்றைக்கே கதை முடிந்தது. தப்பு என்னுடையதுதான்.

இப்போது ஒலிம்பஸ் டிஜி-5. 15 மீட்டர் ஆழம் வரை தாங்கும், லென்ஸ் முழுக்க உள்ளேயே அசைவதால் மணலுக்கு வழியில்லை. ஜூம் 4 மடங்குதான், உங்கள் வாத்துக்கு உதவாது. ஆனால் லென்ஸிலிருந்து ஒரு சென்டிமீட்டரில் இருக்கிற பொருளுக்கும் ஃபோகஸ் ஆகும். நத்தையின் கண்ணை எடுத்திருக்கிறேன் ஐயா, கண்ணை! வீட்டுக்கு வந்ததும் ஒரு வாளி நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே மூடியைத் திறப்பேன்.

ஏழாவது மலை:

நான் வெள்ளியங்கிரி ஏறுகிறவன். ஜூமும் வேண்டாம், தண்ணீரில் முக்கவும் வேண்டாம். ராத்திரி ஏறி விடியலில் உச்சியில் நிற்கும்போது பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது கேனான் ஏ590. 2008 மாடல், 8 மெகாபிக்சல், சிரிக்காதீர்கள். இரண்டு பென்சில் பேட்டரியில் ஓடும். கண்ணாடித் துளை வழியாகப் பார்த்தே எடுக்கலாம் என்பதால் திரையை அணைத்துவிடுவேன், பேட்டரி இரண்டு மடங்கு நாள் வரும். பெட்டிக்கடைப் பேட்டரி போட்டால் பத்துப் படத்தில் "பேட்டரியை மாற்று" என்று அழும். ரீசார்ஜ் செய்கிற நிக்கல் பேட்டரி நான்கு வாங்கிவிட்டால் குளிரிலும் கவலை இல்லை.

தொண்டைமானாறு:

நான் யாழ்ப்பாணம். இஞ்ச சுண்டிக்குளத்துக்குப் பூநாரை வரேக்க எல்லாரும் ஃபோனோட நிப்பினம். கமரா வாங்க என்னட்டக் காசில்லை. என்ர 8x42 (எட்டு மடங்கு பெருசாக் காட்டுறது) தொலைநோக்கியின்ர கண்ணாடிக்குப் பின்னால ஃபோனை ஒட்டிப் பிடிச்சு எடுக்கிறன். ரப்பர் குழாய்த் துண்டு ஒண்டை வெட்டி வைச்சால் அசையாது. விளிம்பு கறுப்பா வட்டமா விழும், வெட்டிப்போட்டால் சரி. 200 மில்லிமீற்றர் அளவுக்குக் கிட்ட வரும். பூநாரைக்குக் காணும், உங்கட வாத்துக்குக் காணாது.

சிலிக்கா ஜெல்:

பழைய கேமரா வாங்குவோருக்கு என் அனுபவம். பர்மா பஜாரில் பார்க்க மின்னிய ஒன்றை, அவசரத்தில், அதே கடை மெமரி கார்டோடு வாங்கினேன். லென்ஸுக்குள் சிலந்திவலை மாதிரிப் பூஞ்சை. கார்டு 64 ஜிபி என்றிருந்தது, 8 ஜிபி தாண்டியதும் பழைய படங்கள் திறக்கவில்லை. போலிக் கார்டு.

இப்போதெல்லாம் கையில் சொந்தக் கார்டும் ஃபோன் டார்ச்சும் இல்லாமல் கடை ஏறுவதில்லை. டார்ச்சைச் சாய்வாக லென்ஸுக்குள் அடித்தால் பூஞ்சை தெரிந்துவிடும். வெறும் வானத்தை, ஜூமை முழுக்க நீட்டி ஒரு படம் எடுங்கள், உள்ளே போன தூசி கறுப்புப் பொட்டாக நிற்கும். ஜூமை ஒரு பத்துத் தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் காதில் வைத்துக் கேளுங்கள். புதுக்கார்டு போட்டு எடுக்கிற முதல் படத்தின் எண் 0001 இல்லையென்றால் கேமரா ஓரளவு ஓடியது தெரியும். ஆனால் 9999 தாண்டினால் மறுபடி 0001தான், அதனால் முழுக்க நம்ப வேண்டாம். அந்த மாடலுக்கு இன்னும் பேட்டரி கிடைக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். பேட்டரி உப்பியிருந்தால் விலை பேசவே வேண்டாம், நடையைக் கட்டுங்கள்.

ரீல்ஸ் பிள்ளைகள் பழைய கேமரா கேட்டு அலையத் தொடங்கியபிறகு, மூவாயிரத்துக்குச் சீந்துவாரில்லாமல் கிடந்ததெல்லாம் விலை ஏறிவிட்டது. என் வயிற்றெரிச்சல் அது.

குளத்தங்கரை:

சிலிக்கா ஜெல் சொன்னதைப் படித்ததும் என் கேமராவுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு நூல் அளவுக்கு ஏதோ இருக்கிறது. தோல் உறையிலேயே வைத்திருந்தது தப்பு போல. பூரி மாவு வைக்கிற பெரிய டப்பாவைக் காலி செய்து, மாத்திரைப் புட்டிகளில் வரும், ஈரம் உறிஞ்சுகிற குட்டிப் பைகளைப் போட்டு உள்ளே வைத்துவிட்டேன். டப்பா எங்கே என்று வீட்டில் இன்னும் கேட்கவில்லை.

ஏழாவது மலை, அந்த ஏ590 விற்கிற எண்ணம் உண்டா?

ஏழாவது மலை:

இல்லை.