குவாட்டர்பேக் பையன் கல்லூரியில் இருக்கணுமா, என்எஃப்எல்லுக்குப் போகணுமா?

தோட்டத்துத் தம்பி, சுங்கை சிப்புட்:
அண்ணன்மார்களே, கோப்பிக்கடையில ஒரே சண்டை. அமெரிக்கக் கால்பந்துல பந்தெறியற ஆளுதான் குவாட்டர்பேக்; இவன் கல்லூரியில மூணாம் வருஷப் பையன், நல்லா எறியறான். என்எஃப்எல்னா அங்க காசுக்கு ஆடற பெரிய லீக். இன்னொரு வருஷம் இருந்தா நட்டமா?

பழைய மண்டோர்:
தம்பி, பள்ளி முடிஞ்சு 3 வருஷம் ஆனாத்தான் டிராஃப்ட்டுக்கே (என்எஃப்எல் அணிங்க புது ஆட்டக்காரங்களைச் சுற்றுச் சுற்றா எடுக்கறது) போகலாம். ஜனவரி நடுவுக்குள்ள முடிவு சொல்லணும். அதுக்கு முன்னால என்எஃப்எல் ஆலோசனைக் குழு மதிப்பீடு தரும்: முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இல்லேன்னா 'கல்லூரியிலேயே இரு'. மூணாவது பதில் வந்தா பேசாம இருக்கட்டும். 2011லேர்ந்து புது ஆட்டக்காரன் சம்பளம் எந்த இடத்துல எடுக்கறாங்கன்றதைப் பொறுத்ததுதான். 4 வருஷ ஒப்பந்தம். அஞ்சாவது வருஷமும் ஆளை வெச்சுக்கற உரிமை அணிக்கு உண்டு, அது முதல் சுற்றுல எடுத்தவனுக்கு மட்டும்.

லயத்து வீட்டான்:
அண்ணே, காயத்தை விட்டுட்டீங்களே. குவாட்டர்பேக் மேட் பார்க்லி 2012க்குக் கல்லூரியிலேயே தங்கினாரு, தோள்பட்டை போச்சு, 2013ல நாலாம் சுற்று, 98வது இடம். இன்னொரு குவாட்டர்பேக் ஜோ பரோ நேர்மாறு: தங்கி, 2019ல 60 டச்டவுன் பாஸ் (புள்ளி எடுக்க வெச்ச எறி), அடுத்த வருஷ டிராஃப்ட்டுல முதல் ஆளு.

பழைய மண்டோர்:
சரிதான் லா. ஆனா பரோவுக்கு அந்த வருஷம் புதுப் பாஸிங் திட்டம் கெடச்சது. தங்கறதுக்கு முன்னால பார்க்க வேண்டியது அதுதான்: திட்டம் போடற பயிற்சியாளர் இருக்காரா, குவாட்டர்பேக்கைக் காக்கற இடது டேக்கிள் கல்லூரியை விட்டுப் போறானா? ரெண்டும் போனா, பந்தைக் கையில வாங்கறதுக்குள்ள ஆளு மேல விழுந்திருப்பான், என்எஃப்எல் அணிங்க பார்க்கற ஆட்டக் காணொளியெல்லாம் கெட்டுப்போகும்.

லயத்து வீட்டான்:
காசுக்காக ஓட வேண்டியதில்லை. 2021 ஜூலையிலேர்ந்து பேரை, முகத்தை வெச்சு சம்பாதிக்கலாம். 2025லேர்ந்து கல்லூரியே வருமானத்துல பங்கு தருது. பின் சுற்றுல போறவனுக்கு இங்கேயே கூட வரும். கல்லூரியை விட்டுப் போன குவாட்டர்பேக் குயின் யூவர்ஸைப் பாரு: 2025ல ஏழாம் சுற்று, 231வது.

தோட்டத்துத் தம்பி:
நன்றிண்ணே. டிராஃப்ட் முதல் சுற்று நம்ம மலேசிய நேரம் வெள்ளி காலை 8 மணி. அப்ப பார்த்துக்கலாம்.