சப்பாத்து விளம்பரத்தில் பிணக்கோடு: கீ பூர்தானை எப்படி ரசிப்பது?

கல்லடிக் கமரா:
மட்டக்களப்புக் கல்லடியில் சின்ன ஸ்டூடியோ வைத்திருக்கிறேன், கலியாணம், சாமத்தியச் சடங்கு, பாஸ்போர்ட் படம் என்று ஓடுகிறது. போன கிழமை கீ பூர்தான் என்ற பிரெஞ்சு பேஷன் படப்பிடிப்பாளரின் படங்களைப் பார்க்கத் தொடங்கி இரவு ஒரு மணியாகிவிட்டது. 1975இல் ஷார்ல் ஜூர்தான் என்ற பிரெஞ்சுக் கம்பனியின் சப்பாத்துக்கு அவர் எடுத்த விளம்பரத்தில் ஆளே இல்லை. செத்த உடம்பைச் சுற்றிப் பொலிஸ் போடுகிற வெள்ளைக் கோடு தரையில் இருக்கிறது, பக்கத்தில் சப்பாத்து கிடக்கிறது, அவ்வளவுதான். விற்க வேண்டிய சாமானை ஓரத்தில் தள்ளிவிட்டு எப்படித்தான் இவ்வளவு தைரியமாக எடுத்தாரோ! மனிசி எட்டிப் பார்த்துவிட்டு "இதென்ன கண்றாவி" என்றாள். அவள் சொன்னதும் பிழையில்லை போலத்தான் இருக்கிறது. நீங்கள் இதை எப்படிப் பார்க்கிறீர்கள்?

கல்முனையான்:
தம்பி, அந்த மனுசன் முதலிலிருந்தே அப்படித்தான். 1955இல் பிரெஞ்சு வோக் என்ற பேஷன் சஞ்சிகையில் தொப்பி காட்டுகிற படம், மொடலுக்குப் பக்கத்தில் இறைச்சிக் கடைக் கன்றுத் தலைகள். நம்முடைய சந்தைக்குள் கூறை கட்டின பொம்பிளையைக் கொண்டுபோய் நிறுத்து பார்ப்போம், தகப்பன் விடுவாரா! ஆனால் அதிர்ச்சியை மட்டும் பார்த்துவிட்டுப் போகாதே. புத்தகத்தின் நடு மடிப்பு எங்கே விழும் என்று கணக்குப் போட்டு இரண்டு பக்கத்துக்கும் சேர்த்துப் படம் கட்டுவார். அந்தச் சிவப்பும் பச்சையும் தற்செயலாக வந்ததில்லை. 1979இல் பொம்மைக் கால் இரண்டுக்குச் சப்பாத்துப் போட்டு இங்கிலாந்து முழுக்கக் காரில் கொண்டுபோய் எடுத்த தொடரைப் பார், முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லை, ஆனாலும் யாரோ பஸ்சுக்கு நிற்கிற மாதிரியே இருக்கும்.

மாமாங்கத்துப் பிள்ளை:
அண்ணன், நீங்கள் சொல்கிற அந்த முழங்காலுக்கு மேலே ஒன்றுமில்லாததுதான் என் பிரச்சினையே. இவர் படத்தில் பெண் பாதி நேரம் கால், மீதி நேரம் பிணம். அதே 1975இல் ஹெல்முட் நியூட்டன் என்ற இன்னொரு பேஷன் படப்பிடிப்பாளர் பாரிஸ் தெரு ஒன்றில் இரவில் எடுத்த படம் இருக்கிறதே, ஆடை வடிவமைப்பாளர் சான் லோரானின் ஆம்பிளைக் கோட்டுப் போட்டுக் கையில் சிகரெட்டோடு ஒருத்தி நிற்பாள். நியூட்டனிலும் எனக்குக் குறை நிறைய உண்டு, ஆனால் அவள் நிற்கிறாள், யாருக்காகவும் இல்லை, தனக்காக. அடுத்தது, 90ஆம் ஆண்டுக் கொலைகளை இந்த ஊரில் கண்ட என் அம்மாவுக்கு ரோட்டில் கிடக்கிற ஒற்றைச் செருப்பு ஸ்டைல் இல்லை. அதற்காகப் பார்க்காதீர்கள் என்று சொல்லவில்லை, நானும் அந்த நிறங்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன், ஆனால் கொஞ்சம் கோபத்தோடு.

கல்லடிக் கமரா:
தங்கச்சி சொன்னது உறைத்தது, அதுவும் நேற்று நடந்ததற்குப் பிறகு. செருப்புக் கடைக்காரர் ஒருவர் விளம்பரப் படம் கேட்டிருந்தார். பூர்தான் பைத்தியத்தில் விடியக்காலை கடற்கரைக்குப் போய், ஈர மணலில் ஒரு சோடி செருப்பை வைத்து, அங்கேயிருந்து தண்ணீருக்குள் போகிற கால்தடத்தோடு எடுத்தேன். வெளிச்சம் அருமை. அவர் போனைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "செருப்பு நல்லா விளங்குது தம்பி, போட்ட பிள்ளை எங்க?" என்றார். சுனாமி அடித்த கல்லடிக் கரையில் அந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அந்தப் படத்தை அழித்துவிட்டேன். தண்ணீரிலிருந்து திரும்பி வருகிற கால்தடத்தோடு இன்னொன்று எடுத்து அனுப்பியிருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.