பிள்ளைக்கு ஊரையும் உலகத்தையும் காட்டுவது: வேலூர் பக்கத்துப் பெற்றோர் எப்படிச் செய்கிறீர்கள்?

சத்துவாச்சாரிக்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். வண்டியில் பின்னால் உட்கார்ந்தால் போதும், கேள்வி ஆரம்பமாகிவிடும். காட்பாடி போக பாலாற்றுப் பாலம் ஏறினோம், "பாலாறுன்னு போர்டு இருக்கு, ஆறு எங்கப்பா?" என்கிறாள். கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, ஆந்திராவைத் தொட்டுவிட்டு நம்மிடம் வருகிற ஆறு, வழியெல்லாம் அணையும் ஏரியும் கட்டித் தண்ணீரை நிறுத்திக்கொள்கிறார்கள் என்றேன். "அப்போ 2021ல வெள்ளம் வந்துச்சுன்னு அம்மா சொன்னாங்களே, அன்னைக்கு மட்டும் ஏன் விட்டாங்க?" என்றாள். அணை நிரம்பினால் அதற்கு மேல் யாராலும் பிடித்து வைக்க முடியாது என்பதைச் சொல்லி முடிப்பதற்குள் காட்பாடியில் இருக்கிற சித்தூர் பஸ் ஸ்டாண்டே வந்துவிட்டது.

கோட்டைக்குக் கூட்டிப் போனாலும் இதே கதைதான். ஜலகண்டேஸ்வரர் கோயிலில் ரொம்ப வருஷம் மூலவரே இல்லாமல் இருந்து, 1981ல் நம்ம சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை எடுத்துப் போய்த் திரும்ப வைத்தார்கள் என்று சொன்னேன். "சாமி இல்லாதப்போ கோயில்ல யார் இருந்தாங்க?" என்று கேட்டாள். வௌவால் இருந்திருக்கும் என்று சொல்லிச் சமாளித்தேன். அவளுக்கு அந்த பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. 1806ல் இதே கோட்டையில் சிப்பாய்கள் வெள்ளைக்காரர்களை எதிர்த்துக் கலகம் செய்த கதையைச் சொன்னபோது அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை. "தொப்பிக்காகவா சண்டை போட்டாங்க?" என்றாள். தொப்பி மட்டும் இல்லை, நெற்றியில் திருநீறு நாமம் இருக்கக் கூடாது, தாடி கூடாது என்று உத்தரவு போட்டார்கள் என்றதும், "தாத்தாவோட நாமத்தை அழிக்கச் சொன்னா நானும் சண்டை போடுவேன்" என்றாள். எனக்கு இதெல்லாம் பெரிய சந்தோஷமாக இருக்கிறது, உண்மையைச் சொன்னால் பிள்ளைக்காகச் செய்கிறேனா எனக்காகச் செய்கிறேனா என்றே தெரியவில்லை. வீட்டில் "கணக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுங்க முதல்ல" என்று ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது.

கேள்வி இதுதான். இந்த வயசுப் பிள்ளைக்கு பதிலை நேரடியாகச் சொல்லிவிடுவீர்களா, இல்லை யோசிக்க விடுவீர்களா? நம்ம பக்கத்தில் வேறு என்னென்ன காட்டலாம்?

திருவலம் வாத்தியார்:
தம்பி, நான் அறிவியல் எடுத்து ரிடையர் ஆனவன். எங்கேயும் போக வேண்டாம், மொட்டை மாடி போதும். ஏப்ரல் கடைசி வாரத்தில் ஒரு நாள், ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், சூரியன் நம்ம ஊருக்குச் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். பகல் 12 மணிக்கு இல்லை, பத்துப் பதினைந்து நிமிஷம் கழித்து. ஏனென்றால் நம் கடிகாரம் காட்டுவது அலகாபாத் பக்கத்து நேரம், நாம் அதற்கு மேற்கே இருக்கிறோம். நேராக நிற்கிற ஒரு தண்ணீர் பாட்டிலை வைத்து, பதினொன்றரையிலிருந்து நிழலின் நுனியை சாக்பீஸால் அவளையே குறிக்கச் சொல்லுங்கள். நிழல் சுருங்கிச் சுருங்கி பாட்டிலுக்கு அடியிலேயே போய்விடும். இது டெல்லியில் இருக்கிற பிள்ளைக்குக் கிடைக்காது, கடக ரேகைக்கு வடக்கே சூரியன் ஒருநாளும் தலைக்கு மேல் வராது.

பதிலைச் சொல்லலாமா என்று கேட்டீர்கள். இந்த நிழல் விஷயத்தில் சொல்லவே சொல்லாதீர்கள். ஜனவரியில் மத்தியானம் ஒரு தடவை நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கட்டும், வடக்கே விழும். ஜூனில் பார்க்கட்டும், தெற்கே விழும். பாதி வருஷம் பொறுத்தால் அவளே வந்து கேட்பாள். அவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் அப்பாவுக்குக் கஷ்டம், பிள்ளைக்கு இல்லை.

ஆம்பூர் ஷூ கம்பெனி:
சார் பெரிய விஷயமெல்லாம் சொல்றார். நான் படித்தது பத்தாவது, கட்டிங் செக்‌ஷனில் வேலை. என் பையனுக்கு நான் காட்டியது என் வேலையைத்தான். கழிவில் போகிற தோல் துண்டு ரெண்டு கேட்டு வாங்கி வந்தேன், ஒன்று குரோமில் பதனிட்டது, இன்னொன்று பட்டை போட்டுப் பதனிட்டது. பிளேடால் வெட்டி ஓரத்தைப் பார் என்றேன். ஒன்று உள்ளே நீலம் கலந்த சாம்பல், இன்னொன்று முழுக்கப் பழுப்பு. மோந்து பார் என்றேன், பட்டைத் தோல் மரக்கட்டை மாதிரி வாசம் வரும். அந்தக் காலத்தில் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் நம்ம பக்கம் பதனிட்டார்கள், ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கிற அதே ஆவாரம்தான் என்று காட்டினேன். அன்றைக்கே அவன் பள்ளிக்கூட ஷூவைப் பிரித்துப் பார்க்கணும் என்று நின்றான், பழைய ஷூ ஒன்றைக் கொடுத்துத் தப்பித்தேன். அப்புறம் அவனே கேட்டான், "இந்தத் தண்ணியெல்லாம் எங்கப்பா போகும்?" என்று. பாலாற்றுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது, கிணறெல்லாம் கெட்டது, கோர்ட் வரைக்கும் போய் இப்போது சுத்திகரிக்கிற நிலையம் வைத்திருக்கிறார்கள் என்று உள்ளதைச் சொன்னேன். நம்ம சோறு அதில்தான் வருகிறது, அதற்காக மறைக்க முடியுமா? அப்பா அம்மா என்ன வேலை செய்கிறார்கள் என்று தெரியாமலே நிறைய பிள்ளைகள் வளர்கிறார்கள், அண்ணன் உங்க வேலையையும் காட்டுங்க.

கே.வி.குப்பம் அம்மா:
நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோவிச்சுக்காதீங்க. வெளியே போகிறதெல்லாம் டியூஷன் ஆகிவிடக் கூடாது. கோட்டைக்குப் போனால் என் பையனுக்கு அகழி மீனுக்குப் பொரி போடணும், அவ்வளவுதான். அவங்க அப்பா திப்பு சுல்தான் குடும்பம் இங்கேதான் இருந்தது, இலங்கையின் கண்டி ராஜா இங்கேதான் செத்தார் என்று பின்னாலேயே போய்ச் சொல்லிக்கொண்டிருந்தார், பையன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ராத்திரி படுக்கும்போது தானாகக் கேட்டான், "அந்தத் தண்ணில முதலை விட்டிருந்தாங்களாமே, அது என்னம்மா சாப்பிடும்?" என்று. அதிலிருந்து ஆரம்பித்து, கோட்டையைச் சுற்றி எதற்குத் தண்ணீர், யார் யாரிடமிருந்து தப்பிக்க என்று ஒரு மணி நேரம் ஓடியது. கேள்வி அவர்களிடமிருந்து வந்தால்தான் காது திறக்கும்.

பாலாற்றைப் பற்றி ஒன்று. எங்க ஆயா ஆற்று மணலில் கையாலேயே ஊற்று தோண்டி, கலங்கல் தெளிகிற வரைக்கும் காத்திருந்து, கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் ரொப்புவாங்க. மழை முடிந்த மாசங்களில், மணல் இன்னும் மிச்சம் இருக்கிற இடமாகப் பார்த்துக் கூட்டிப் போய்த் தோண்டச் சொல்லுங்கள், பக்கத்தில் மணல் அள்ளின பள்ளம் இல்லாத இடமாக இருக்கட்டும். தண்ணீர் ஊறினால் ஆறு எங்கே என்கிற கேள்விக்கு அவள் கையிலேயே பதில் கிடைத்துவிடும். ஊறவில்லை என்றால் ஏன் என்று அடுத்த கேள்வி தயார்.

வாய்ப்பாடும் சொல்லிக் கொடுங்க. உங்க வீட்டம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

சத்துவாச்சாரிக்காரன்:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, பின்னாலேயே போய்ச் சொல்கிற அப்பா நான்தான், வீட்டில் இதைப் படித்துக் காட்டினால் சிரிப்பார்கள். வாத்தியார் சார் சொன்ன நிழலை இந்த ஆகஸ்டிலேயே ஆரம்பிக்கிறேன். காவலூர் வானாய்வகத்துக்குச் சின்னப் பிள்ளையைக் கூட்டிப் போகலாமா? யாராவது போயிருக்கிறீர்களா?

ஆலங்காயம்:
எங்க ஊரைத் தாண்டித்தான் போகணும், தாராளமாக வாங்க. வாணியம்பாடி வந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலை ஏறணும். வளைவு அதிகம், பிள்ளைக்கு வாந்தி வரும் என்றால் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள். பொதுமக்களை சனிக்கிழமைகளில் விடுவது வழக்கம், ஆனால் கிளம்புவதற்கு முன் விசாரித்துவிடுங்கள், மேகம் மூடினால் ஒன்றும் தெரியாது, மழை மாசம் வேண்டவே வேண்டாம். உள்ளே இருக்கிற பெரிய தொலைநோக்கி நம்ம நாட்டிலேயே செய்தது, அதன் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம், வானியல் விஞ்ஞானி வைணு பாப்பு பெயரை 1986ல் அதற்கு வைத்தார்கள். அதில் நம்மைப் பார்க்க விடமாட்டார்கள், விஞ்ஞானிகளுக்கு மட்டும், நமக்குச் சின்னது. 1988ல் இந்தக் காவலூரிலிருந்து ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்து ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள், ஈரோட்டில் பிறந்த கணக்கு மேதை ராமானுஜன்தான், வாய்ப்பாடு சண்டைக்கு உதவும்.

ஒரு யோசனை. நட்சத்திரம் பார்க்க அமாவாசைதான் நல்லது, ஆனால் முதல் தடவை வருகிற பிள்ளைக்கு அமாவாசை கழிந்து ஏழெட்டு நாளில் வருகிற சனிக்கிழமை நல்லது. அன்றைக்கு அரை நிலா இருக்கும், வெளிச்சமும் இருட்டும் சேர்கிற கோட்டில் பள்ளங்கள் நிழலோடு எடுப்பாகத் தெரியும். பௌர்ணமியில் தட்டையாக வெள்ளைத் தட்டுதான். ஸ்வெட்டர் எடுத்து வாங்க, வேலூர் வெயிலை நம்பி வந்தால் ராத்திரி நடுங்கணும். அப்புறம் உள்ளே செல்போன் டார்ச் அடிக்காதீங்க, திட்டு விழும்.