எஸ்பி-சி ஆன்டிபாடி: திசுவில் பேண்ட் வருகிறது, லவாஜில் வரவில்லை. ஏன்?

கயல்:
சுண்டெலி நுரையீரலில் எஸ்பி-சி புரதத்தை (காற்றறைகள் சுருங்கி ஒட்டாமல் காக்கும் சர்ஃபாக்டன்டில் உள்ள ஒரு புரதம்) வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை எடைப்படி ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் தேடும் முறையில், பார்க்கிறேன். திசுவை அரைத்து ஓட்டினால் 21 கிலோடால்டன் பக்கத்தில் அழகான பேண்ட். அதே எலியின் நுரையீரலைக் கழுவி எடுத்த லவாஜ் நீரில் ஒன்றுமே இல்லை. சர்ஃபாக்டன்ட் காற்றறைக்குள் சுரப்பதுதானே, கழுவிய நீரில்தானே நிறைய இருக்க வேண்டும்? சிரிஞ்சைப் பின்னுக்கு இழுக்கும்போது நுரை பொங்கி வருவதைக் கண்ணாலேயே பார்க்கிறேன். நான்கு முறை ஓட்டிவிட்டேன். ஆன்டிபாடியைக் கலக்கும் அளவை 1:1000, 1:500, 1:200 என்று மாற்றியும் பார்த்தாயிற்று. ஆன்டிபாடி கெட்டுவிட்டதா? புதிது வாங்கச் சொல்லி கைடிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது.

மாலதி:
கெடவில்லை கயல், வாங்கவும் வேண்டாம். அதனுடன் வந்த தாளை எடுத்து, புரதத்தின் எந்தப் பகுதியை முயலுக்கு ஊசி போட்டு இதை எடுத்தார்கள் என்று பாருங்கள். பேண்ட் 21-இல் வருகிறது என்றால் அது முன்புரதத்தை, அதாவது இன்னும் வெட்டுப்படாத முழுப் புரதத்தைப் பிடிக்கிறது.

எஸ்பி-சி முதலில் 21 கிலோடால்டன் முன்புரதமாகத்தான் உருவாகிறது. சர்ஃபாக்டன்ட் சுரக்கும் இரண்டாம் வகை காற்றறை செல்லுக்குள், லாமெல்லர் பாடிக்கு (சர்ஃபாக்டன்டைச் சேர்த்து வைக்கும் பை) போகிற வழியில் இரண்டு முனைகளும் வெட்டுப்படுகின்றன. நடுவில் மிஞ்சுவது சுமார் 35 அமினோ அமிலம், எடை 4 கிலோடால்டன் சொச்சம். வெளியே சுரப்பது அந்தத் துண்டு மட்டும். உங்கள் ஆன்டிபாடி தேடும் முனை செல்லோடு நின்றுவிடுகிறது. லவாஜ் வெறுமையாக இருப்பதுதான் சரி. அங்கே 21-இல் பேண்ட் வந்திருந்தால், கழுவும்போது செல் உடைந்துவிட்டதோ என்று நான் கவலைப்பட்டிருப்பேன்.

முதிர்ந்த துண்டுக்கு நல்ல ஆன்டிபாடி கிடைப்பது கஷ்டம். வாலின் என்ற அமினோ அமிலம் நிறைந்து, கொழுப்புக்குள்ளேயே புதைந்து கிடக்கும் துண்டு அது. அதனால் கையில் இருப்பதை ஸ்லைடில் போடுங்கள். பாரஃபின் வெட்டு, பிஎச் 6 சிட்ரேட் பஃபரில் சூடாக்கினால் போதும். காற்றறையின் மூலைகளில் குண்டாக உட்கார்ந்திருக்கும் செல்களில், உட்கருவைச் சுற்றிப் பொடிப்பொடியாக நிறம் பிடிக்கும். இரண்டாம் வகை செல்லை எண்ண இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

என் முதல் வருடத்தில் மூன்று வாரம் இதே இடத்தில் நின்றேன். யாரும் சொல்லித் தரவில்லை. அதனால்தான் நீட்டி எழுதுகிறேன்.

ரவி:
மாலதி அக்கா சொன்னதோடு இன்னொன்று. லவாஜில் பார்க்கத்தான் வேண்டுமென்றால் சர்ஃபாக்டன்டின் இன்னொரு புரதமான எஸ்பி-பி-யின் முதிர்ந்த வடிவத்துக்குப் போங்கள். டிடிடி (புரதத்தின் கந்தகப் பிணைப்புகளை அவிழ்க்கும் மருந்து) போடாமல் ஓட்டினால் இரட்டையாக 18 கிலோடால்டன் அருகில் வரும்; போட்டால் பிரிந்து 8 பக்கம் இறங்கிவிடும். அப்போது சிறிய புரதங்களைப் பிரிக்கும் டிரைசின் ஜெல், 0.2 மைக்ரான் துளையுள்ள மெம்பிரேன் வேண்டும்.

அப்புறம், லவாஜை எந்த வேகத்தில் சுழற்றினீர்கள்? 300 ஜி-யில் செல் மட்டும்தான் அடியில் தங்கும். 10,000-க்கு மேல் போனால் கொழுப்புத் திரளும் சேர்ந்து இறங்கிவிடும், எஸ்பி-பி அதோடு போய்விடும்.

கயல்:
தாளைப் பார்த்தேன் அக்கா, முன்முனைப் பெப்டைடுதான். ரவி அண்ணா, நான் சுழற்றியது 12,000-இல். குழாயின் அடியில் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஒட்டியிருந்ததை அழுக்கு என்று நினைத்து மேல்நீரை மட்டும் எடுத்துக்கொண்டேன். நல்ல வேளை, இரண்டு எலிகளின் குழாய்களை மைனஸ் 80-இல் அப்படியே வைத்திருக்கிறேன். நாளைக் காலை அந்த வெள்ளையைக் கரைத்து, டிடிடி இல்லாமல் எஸ்பி-பி-க்கு ஓட்டுகிறேன்.