மறு: தொங்கு கூடாரமா, இழுகட்டுக் கூடாரமா?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். மூன்று நாளாக இந்த இழையைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மரங்களுக்கு நடுவே கட்டி, தரையில் படாமல் படுத்துக்கொள்ளும் கூடாரத்துக்குத் தமிழ்ப் பெயராக, நான் முன்பு சொன்ன இழுகட்டுக் கூடாரம் தவிர, இதுவரை வந்த சொற்கள்: மரக்கூடாரம், தொங்கு கூடாரம், தூளிக்கூடாரம், பரண், இதணம். பெரும்பாலானவர்கள் தொங்கு கூடாரம் பக்கம் நிற்கிறீர்கள். அந்தச் சொல் வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

அந்தச் சொல்லை நானே ஒருமுறை எழுதியிருக்கிறேன். ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் இப்படி ஒரு கூடாரம் வாங்கினார். கூடவே வந்த ஆங்கிலக் குறிப்பைத் தோட்டத்து ஆட்கள் படிக்கிற மாதிரி தமிழில் எழுதித் தரச் சொன்னார். தலைப்பில் பெரிதாகத் 'தொங்கு கூடாரம்' என்று போட்டு அனுப்பினேன். நான் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தம்பிகள் கட்டி முடித்திருந்தார்கள். தலைப்பைப் பார்த்ததுமே அவர்களுக்கு வேலை விளங்கிவிட்டது. சில்வர் ஓக் கிளைகள் மேல் கயிற்றை வீசி, மூன்று மூலைகளையும் தூக்கித் தொட்டில் போலத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒருவர் ஏறி உட்கார்ந்தார். தரைத்துணி நடுவில் குழிந்தது, ஒரு மூலை சரிந்தது, அவரை ஓரமாகக் கொட்டிவிட்டது. முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று. சில்வர் ஓக் கிளை காற்றுக்கே ஒடிந்து விழும் என்பது தோட்டக்காரர்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று ஒடியாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

அந்தத் தம்பிகள் மேல் ஒரு குற்றமும் இல்லை. தூளி, ஏணை, உறி, ஊஞ்சல், தூக்கணாங்குருவிக் கூடு என்று தமிழில் தொங்குகிற எதுவும் மேலிருந்துதான் தொங்குகிறது. 'தொங்கு' என்று படித்தவர் கை உத்தரத்தையோ கிளையையோதான் தேடும். ஆனால் இந்தக் கூடாரத்துக்கு மேலே ஒரு பிடிப்பும் கிடையாது. மூன்று மரங்களின் அடிமரத்திலிருந்து பக்கவாட்டில் இழுக்கிறோம். அந்த இழுப்பில்தான் தரைத்துணி தட்டையாக நிற்கிறது.

> தொங்கு பாலம் என்கிறோமே, அது மட்டும் சரியா?

சரிதான். தொங்கு பாலத்தில் பாதை உண்மையிலேயே மேலே போகிற வடத்திலிருந்து தொங்குகிறது. சொல்லும் பொருளும் ஒத்துப்போகின்றன. இங்கே அப்படி இல்லை.

மரக்கூடாரம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மரக்கட்டில், மரப்பெட்டி, மரக்கால் வரிசையில் அது மரத்தால் செய்த கூடாரம் என்றே காதில் விழும். இதணம் அருமையான சொல். தினைப்புனத்தில் கிளி ஓட்ட உட்கார்ந்திருந்த அந்த மேடையை விட்டுவிட எனக்கும் மனமில்லை. ஆனால் இதணமும் பரணும் கெட்டியான தளம், அசையாதது. மரத்தின் மேல் கட்டுகிற வீட்டுக்கு அதை எடுத்து வைத்துக்கொள்வோம்.

என் முன்மொழிவு: இழுகட்டுக் கூடாரம்.

'இழுத்துக் கட்டு' என்று சொன்னால் பந்தல் போடுகிறவரிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளை வரை புரியும். நமக்குப் பழகிய பொருளோடு ஒப்பிட வேண்டுமானால் தூளி பொருந்தாது, கயிற்றுக் கட்டில்தான் பொருந்தும். கயிற்றுக் கட்டிலில் சட்டம் செய்கிற வேலையை இங்கே மூன்று மரங்கள் செய்கின்றன. இந்த வகைக் கூடாரத்தைப் பரவலாக்கிய இங்கிலாந்து நிறுவனத்தின் பெயர் டென்ட்சைல். கூடாரத்தைக் குறிக்கும் 'டென்ட்', இழுவிசையைக் குறிக்கும் 'டென்சைல்' இரண்டையும் ஒட்டிச் செய்த பெயர் அது. அவர்களும் இழுப்பைத்தான் பெயரில் வைத்தார்கள்.

> இழு என்று போட்டால் அளவுக்கு மீறி இறுக்கிவிட மாட்டார்களா?

பொறியாளர் ஐயா கேட்ட இந்தக் கேள்வி முக்கியமானது. இறுக்கத்துக்கு விலை உண்டு, அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஆளும் கூடாரமும் சேர்ந்து 200 கிலோ, நடுவில் இருக்கிறது. மூன்று மரங்களும் ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். கூடாரத்தின் மூலையை மரத்தோடு இழுத்துக் கட்டும் வார் கிடைமட்டத்திலிருந்து 30 பாகை சாய்ந்திருந்தால் ஒவ்வொரு வாரிலும் சுமார் 133 கிலோ எடைக்குச் சமமான இழுப்பு வரும். அதே பாரத்தை 10 பாகைச் சாய்வில் தாங்கினால் 384 கிலோ. 5 பாகையில் 765 கிலோ! ஏறுகிற ஆள் மாறவில்லை, வார் தட்டையானதற்கே மரத்தின் மேல் இத்தனை இழுப்பு. ஆள் ஏறினால் கூடாரம் கொஞ்சம் தொய்வது நல்லதுதான், தொய்யட்டும். தொய்வே கூடாது என்று முறுக்கிக்கொண்டே போகக் கூடாது.

இந்தக் கணக்கு தெரிந்தால் எந்த மரத்தில் கட்டுவது என்பதும் தானாகத் தெரிந்துவிடும். கிளை எத்தனை பாரம் தாங்கும் என்பது இங்கே கேள்வியே இல்லை. அடிமரம் பக்கவாட்டு இழுப்புக்கு அசையாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி. நான் குறுக்களவு ஓர் அடிக்குக் குறைந்த மரத்தைத் தொடுவதில்லை. அதுவும் உயிருள்ள மரமாக, வேர் கிளம்பாமல், பொந்து விழாமல் இருக்க வேண்டும். முருங்கை பருத்தாலும் தூணாகாது என்று சும்மா சொல்லவில்லை. பலா நல்ல கெட்டியான மரம், ஆனால் காய்க்கிற பருவத்தில் அதன் கீழே படுக்கக் கூடாது. ஏற்காட்டில் பாதி மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கும். வாரைச் சுற்றினால் கொடி நசுங்கிவிடும்.

அப்புறம், துணைச்சொற்கள்.

வாரைப் பற்றிப் பேசிவிடுகிறேன், ஏற்கெனவே பயன்படுத்திவிட்டேன். 'பட்டை' என்று சிலர் எழுதியிருந்தீர்கள். மரத்தைப் பற்றிப் பேசும் இடத்தில் பட்டை வேண்டாம். 'பட்டையைப் பட்டையில் சுற்றவும்' என்று எழுதினால் எது எதில் என்று யாருக்குத் தெரியும்? 'வார்' இன்னும் உயிரோடு இருக்கிற சொல். செருப்பு வார் என்கிறோம். மிருதங்கத்தில் வார் பிடிப்பது என்றால் தோலை விறைப்பாக்குவதுதானே. நம் கூடாரத்திலும் வார் செய்கிற வேலை அதுவே. சரியாகக் கட்டிய வாரை விரலால் சுண்டினால் விண்ணென்று இருக்கும். அந்தத் தம்பிகளுக்கு இரண்டாம் முறை நான் அதைத்தான் காட்டிக் கொடுத்தேன், அளவுநாடா தேவைப்படவில்லை.

இப்படிப் பிரித்துவிட்டால் 'பட்டை' மரத்துக்கே கிடைக்கிறது. மரத்தோலுக்கும் வாருக்கும் நடுவில் வைக்கும் அகலமான துணிக்குப் 'பட்டைக்காப்பு' என்று பெயர் வைக்கலாம். இது தேவையற்ற ஆடம்பரம் என்று ஒருவர் எழுதியிருந்தார், இல்லை. இலையில் சமைத்த உணவு கீழே இறங்குவது பட்டையை ஒட்டிய உட்திசு வழியாகத்தான். முதல்முறை நைலான் கயிறு கட்டிய இடத்தைப் பிறகு போய்ப் பார்த்தேன். கிளையில் விரல் நுழைகிற அளவு பள்ளம், மேல்தோல் உரிந்து ஈரம் கசிந்துகொண்டிருந்தது. மெல்லிய கயிறு அடிமரத்தைச் சுற்றி அப்படி அறுத்தால் மரமே பட்டுப்போகலாம்.

வார் கட்டும் மரத்துக்கு என்ன பெயர்? 'கட்டுமரம்' என்றுதான் முதலில் என் வாயில் வந்தது. ஆனால் அது கடலுக்குப் போய், ஆங்கிலத்துக்கும் போய், உலகம் முழுக்கப் படகின் பெயராகிவிட்டது. திரும்பக் கேட்க முடியாது. 'நங்கூரப் புள்ளி' ஆங்கிலத்தின் நிழல், அதுவும் வேண்டாம். தாங்குமரம் என்று வைப்போம்.

வாரை உருளையில் சுற்றி இறுக்கும் கைப்பிடிக் கருவியான ராட்செட்டின் பெயரை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து. லாரியில் லோடு கட்டுகிறவர்கள் கையில் புழங்குகிற சொல் அது. கடையில் போய் வேறு பெயர் சொன்னால் பொருள் கிடைக்காது. மேலே போடுவது மழைவிரிப்பு. வாரில் வழிந்து வரும் மழைத்தண்ணீர் உள்ளே வராமல், இடையில் ஒரு துண்டுக் கயிறு முடிந்து தொங்கவிடுவோம் இல்லையா, அதற்குச் 'சொட்டுக்கயிறு' என்று அங்குள்ள தம்பி ஒருவரே பெயர் வைத்தார். இதைவிட நல்ல சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

சொற்கள் வேலை செய்கின்றனவா என்று பார்க்க, குறிப்பைத் திருத்தி எழுதியிருக்கிறேன்:

"முக்கோணமாக நிற்கும் மூன்று தாங்குமரங்களைத் தேர்ந்துகொள்ளவும். அண்ணாந்து பார்க்கவும்: காய்ந்த கிளை, முறிந்து தொற்றி நிற்கும் கொம்பு, தேன்கூடு இருந்தால் வேறு இடம் தேடவும். கீழே கல்லோ வெட்டிய அடிக்கட்டையோ இருக்கக் கூடாது. அடிமரத்தில் பட்டைக்காப்பு வைத்து, அதன் மேல் வாரை முறுக்கில்லாமல் நெஞ்சுயரத்தில் சுற்றவும். கிளையில் கட்டக் கூடாது. ராட்செட் உருளையில் வார் இரண்டு மூன்று சுற்றாவது விழும்படி இறுக்கி, கைப்பிடியை மடக்கிப் பூட்டவும். கூடாரம் இடுப்புயரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். குறித்திருக்கும் எடையைத் தாண்டி ஆள் ஏறக் கூடாது. முதலில் ஒருவர் மட்டும் ஓரத்தில் உட்கார்ந்து, பாரத்தை மெதுவாக இறக்கிப் பார்க்கவும். குதிக்கக் கூடாது. படுக்கப் போகுமுன் வார்களை மறுபடி பார்க்கவும்; முதல் பாரத்தில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். கூடாரத்தின் கீழே அடுப்போ தீயோ மூட்டக் கூடாது. இடி இடித்தாலும் காற்று வலுத்தாலும் இறங்கி வீட்டுக்கு வந்துவிடவும். எல்லாரும் இறங்கிய பிறகே ராட்செட்டை விடுவிக்கவும்."

'கிளையில் கட்டக் கூடாது' என்பதைத் தனி வரியாகப் பெரிய எழுத்தில் அச்சிடச் சொல்லப்போகிறேன். 'முறுக்கில்லாமல்' என்ற இடத்தில் எனக்கே சற்றுத் தயக்கம். வார் திருகிக்கொள்ளாமல் என்பதைத்தான் சொல்ல வந்தேன், ஆனால் இறுக்காமல் என்று யாராவது எடுத்துக்கொள்வார்களோ? 'புரளாமல்' என்று போட்டால் தெளிவாகுமா? யாழ்ப்பாணத்து நண்பர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் என்றும் எழுதுங்கள்.

வெள்ளிக்கிழமை மறுபடி ஏற்காடு போகிறேன். அதற்குள் உங்கள் திருத்தங்கள் வந்தால், புதிய தாளை அந்த இரண்டு தம்பிகளிடமே கொடுத்து, நான் வாய் திறக்காமல் தள்ளி நின்று, எப்படிக் கட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

அன்புடன்,
சேலத்திலிருந்து